முள் நின்ற பிறகு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு முதல் சில மாதங்கள் எடை மெஷின் மீது ஏறி நிற்பதே ஒரு சந்தோஷம். வாரத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரை கிலோ என்று தானாக இறங்கிக்கொண்டே வரும். சுடிதாரைப் பிடித்துத் தைக்க, பெல்ட்டில் புது ஓட்டை போட என்று ஆள் அலைந்துகொண்டிருப்பார். எட்டாவது மாதமோ பத்தாவது மாதமோ ஒரு நாள் முள் நிற்கும். அடுத்த வாரமும் அதே எண். அதற்கடுத்த வாரம் அரைக் கிலோ கூடியிருக்கும். “டாக்டர், வெயிட் ஸ்டக் ஆயிடுச்சு” என்று போய் நிற்பார்கள். கூடவே இரண்டாவது கேள்வியும் வரும்: “நாளையிலிருந்து வாக்கிங் ஆரம்பிச்சா மறுபடி இறங்குமா?”

இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். ‘இறங்கும்’ என்று சொல்லிவிடுவது சுலபம். விளம்பரப் பலகைகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் உடற்பயிற்சி செய்கிற வேலையில் மிகச் சிறிய பங்கைத்தான் வீட்டு மெஷினால் காட்ட முடியும். அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் மூன்றாவது மாதம் நடப்பதை நிறுத்திவிடுவார். நிறுத்துவதால் அவர் இழப்பது எது என்பதை மெஷின் அவருக்குச் சொல்லவும் சொல்லாது.

முதலில், அந்த அறுவை சிகிச்சை என்ன செய்கிறது? 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார்கள். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் ஒதுக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவது. இன்று அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு குழாய்போல நிற்கிறது. வயிறு சிறுத்தது, சாப்பாடு குறைந்தது, எடை இறங்கியது என்றுதான் வெகுகாலம் மருத்துவர்களும் விளக்கிவந்தார்கள். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்த பிறகு அந்த விளக்கம் போதவில்லை. பசியைக் கிளப்பும் ஹார்மோன் அது. பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் சிகிச்சையில் வெட்டி எறியப்படுவது அந்தப் பகுதிதான். பைபாஸில் உணவு சிறுகுடலுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்வதால், ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சாப்பிட்டதும் பன்மடங்கு எகிறுகின்றன. ஆக, கத்தி பட்டது வயிற்றில் என்றாலும் மாறியது பசி.

அந்த மாற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்வீடனில் லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் 1987-இல் தொடங்கிய ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. இறங்குவது, நிற்பது, கொஞ்சம் ஏறுவது, பிறகு ஓரிடத்தில் தங்குவது: பெரும்பாலோரின் கோடு இப்படித்தான் போகிறது. நிற்பது இந்தக் கோட்டின் இயல்பான ஒரு பகுதி. சிகிச்சை தோற்றுவிட்டது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

ஏன் நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது வயது, 155 செ.மீ. உயரம், 125 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். சும்மா படுத்திருந்தாலே அவருடைய உடல் ஒரு நாளைக்குச் செலவிடும் சக்தி, வழக்கமான சூத்திரப்படி, ஏறக்குறைய 1,860 கலோரி. சிகிச்சைக்குப் பிறகு 88 கிலோவுக்கு வந்துவிட்டார். இப்போது அதே சூத்திரம் 1,490 கலோரி என்கிறது. எதுவுமே செய்யாமல் நாளொன்றுக்கு 370 கலோரி செலவு குறைந்துவிட்டது. நடக்கும்போதும் இதே கதைதான். 37 கிலோவை இறக்கி வைத்துவிட்டு நடப்பவருக்கு ஒவ்வொரு அடிக்கும் ஆகும் செலவு குறைவு.

வரவுப் பக்கமும் சும்மா இருப்பதில்லை. முதல் மாதம் கால் டம்ளர் கஞ்சிக்கே திணறியவர், பத்தாம் மாதம் இரண்டு இட்லியை நிதானமாகச் சாப்பிட்டுவிடுவார். குறைந்துகொண்டே வரும் செலவும் கூடிக்கொண்டே வரும் வரவும் எந்த நாளில் சமமாகின்றனவோ அந்த நாளில் முள் நிற்கிறது.

இது போதாதென்று உடல் தன் பங்குக்குச் சிக்கனமும் பிடிக்கும். நியூயார்க்கில் ரூடால்ப் லைபலும் மைக்கேல் ரோசன்பாமும் 1990-களிலிருந்து செய்துவந்த ஆய்வுகளில், பத்து சதவீத எடையை இழந்தவர்களின் உடல், அந்த எடைக்கு நியாயமாக ஆக வேண்டிய செலவைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவிட்டது. மெதுவாக நடப்பது போன்ற லேசான வேலைகளில் அவர்களின் தசை முன்பைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் திறனோடு இயங்கியது. வண்டிக்கு மைலேஜ் கூடினால் கொண்டாடுவோம். எடை குறைக்க நினைப்பவருக்கு அது கெட்ட செய்தி. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதுதான் இந்தச் சிக்கனத்துக்கு முக்கியக் காரணமாகத் தெரிகிறது. கையிருப்புக் கொழுப்பு கரைகிறது என்ற தகவல் மூளைக்குப் போகிறது. பஞ்ச காலம் வந்துவிட்டதாக எண்ணி மூளை செலவைக் கட்டுப்படுத்துகிறது.

ஒன்றை இங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரத்தை ஒட்டிப் பலருக்கும் சில நாள் எடை நிற்கும். அது வேறு சங்கதி. முதல் நாட்களில் தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைக்கோஜன் கரைகிறது, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகிறது, அதனால் எடை மளமளவென இறங்குகிறது. உடல் அந்தத் தண்ணீரை ஓரளவு திரும்பப் பிடித்துக்கொள்ளும்போது முள் தயங்குகிறது. இதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை. நான் பேசுவது எட்டாம் மாதத்துக்குப் பிறகு வரும் நிறுத்தத்தைப் பற்றி.

இப்போது வாக்கிங்குக்கு வருவோம். 88 கிலோ எடையுள்ள நம் பெண் அரை மணி நேரம் நடக்கிறார். சாதாரண வேகத்தில் 2.2 கிலோமீட்டர். சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவைக் கழித்துவிட்டால், நடந்ததற்கென்று ஆன செலவு சுமார் 100 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் தவறாமல் நடந்தால் ஒரு கிலோ இறங்கப் பதினோரு வாரம். அதுவும் காகிதக் கணக்கு. மாலையில் டீயோடு ஒரு சின்னப் பிடி மிக்சர், 20 கிராம்தான், வாயில் போட்டால் அந்த 100 கலோரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மிக்சரைச் சும்மா உதாரணத்துக்கு இழுக்கவில்லை. சுருங்கிய வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது, மூன்றாவது நெஞ்சைப் பிடிக்கும். மிக்சர், பிஸ்கட், முறுக்கு, ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு தடுப்பதே இல்லை. எடை நின்ற பலருடைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது செருப்பு ஸ்டாண்டை அல்ல, டிபன் டப்பா அடுக்கைத்தான்.

இந்தக் காகிதக் கணக்கையும் உடல் முழுதாக ஏற்பதில்லை. ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளர் தான்சானியாவின் ஹாட்ஸா மக்களிடம் அளந்து 2012-இல் வெளியிட்ட முடிவை இங்கே பார்க்கலாம். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் நாள் முழுக்க நடக்கிற அவர்களும், அலுவலக நாற்காலியில் உட்காரும் மேலைநாட்டவரும், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், ஒரு நாளில் செலவிடும் மொத்தச் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். பயிற்சிக்குச் செலவான சக்தியில் ஒரு பகுதியை உடல் வேறு இடங்களில் மிச்சம் பிடித்து ஈடுகட்டிக்கொள்கிறது என்பது பான்ட்சரின் வாதம். எவ்வளவு ஈடுகட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடந்தவர் பகல் முழுக்கச் சோபாவை விட்டு எழாமல் இருப்பதை வீட்டில் உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள். அதுவும் ஒரு வகை ஈடுகட்டல்தான்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கை மையமாகக் கொண்டு பால் கோயன், பிரெட் குட்பாஸ்டர் குழுவினர் நடத்திய சோதனை 2015-இல் வெளியானது. பைபாஸ் செய்துகொண்ட 128 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் உடற்பயிற்சி. வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடம் வரை படிப்படியாகக் கூட்டினார்கள். இன்னொரு பிரிவுக்கு உடல்நலக் கல்வி வகுப்புகள் மட்டும். ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் எடை இழப்பு ஏறக்குறைய ஒன்றே. கொழுப்பு இழப்பும் அப்படியே. இதுபோன்ற சோதனைகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த பகுப்பாய்வுகளும், பயிற்சியால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு கிலோவை ஒட்டித்தான் என்கின்றன.

சரி, அப்படியானால் நடப்பது வீணா? அதே பிட்ஸ்பர்க் சோதனையின் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். எடை இரு பிரிவிலும் ஒன்றாகவே இறங்கியிருந்தாலும், பயிற்சி செய்தவர்களின் உடல் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்த்தது. அதாவது ரத்தச் சர்க்கரையைத் தசை இன்னும் நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. இதயமும் நுரையீரலும் தாங்கும் திறன் கூடியது. எடை இழப்பே இன்சுலின் விஷயத்தில் பெரிய நன்மை செய்யும். அதற்கு மேலும் கூடுதல் நன்மை கிடைத்ததுதான் அந்தச் சோதனையின் செய்தி. மெஷினில் ஒரே எண் காட்டுகிற இரண்டு பேர், உள்ளே இரண்டு வேறு உடல்களோடு நடமாடலாம்.

இங்கே தசையைப் பற்றிப் பேசியாக வேண்டும். எடை குறைகிறது என்றால் கொழுப்பு மட்டும் குறைகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்டவர்களையும், அவர்களுக்கு நிகரான உடல்வாகு கொண்ட பைபாஸ் நோயாளிகளையும் ஜோடி ஜோடியாக வைத்து 2014-இல் ஒப்பிட்டார்கள். போட்டியாளர்கள் பல மணி நேரம் வியர்த்து விறுவிறுத்து எடை குறைத்தவர்கள். அவர்கள் இழந்த எடையில் கொழுப்பு அல்லாத பகுதி ஆறில் ஒரு பங்கு. பைபாஸ் செய்தவர்களிடம் அது சுமார் 30 சதவீதம். கொழுப்பு அல்லாத பகுதி என்பதில் தண்ணீரும் உறுப்புகளும் சேரும் என்றாலும், கணிசமான பங்கு தசைதான். நம் பெண் இழந்த 37 கிலோவில் 11 கிலோ இந்தக் கணக்கில் போயிருக்கலாம். பாதி சாப்பாடு, அதிலும் அரிசியே பிரதானம் என்றால் வேறென்ன நடக்கும்?

அதே ஒப்பீட்டில் ஒரு விசித்திரமும் இருந்தது. வியர்வை சிந்திய போட்டியாளர்களின் உடல்தான் அதிகமாகச் சிக்கனம் பிடித்தது. பைபாஸ் செய்தவர்களிடம் ஆறாம் மாதம் தெரிந்த சிக்கனம் ஓராண்டில் மறைந்துவிட்டது. அறுவை சிகிச்சை பசியோடு சேர்த்து இந்தச் சிக்கனத்தையும் ஓரளவு தளர்த்துகிறது. ஆகவே ‘என் மெட்டபாலிசம் செத்துப்போச்சு’ என்று எடை நின்றவர்கள் புலம்புவதற்கு அவ்வளவு ஆதாரமில்லை. அவர்களுடைய உண்மையான இழப்பு தசைதான்.

இந்தியர்களுக்கு இது மேலும் கவலை தரும் விஷயம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-இல் லான்செட் இதழில் தன்னையும் தன் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினையும் அருகருகே நிறுத்தி ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடலிலேயே கொழுப்பு அதிகம், தசை குறைவு. நாம் தொடங்குவதே குறைந்த கையிருப்போடு. அதிலிருந்து இன்னும் பத்துக் கிலோவை இழந்துவிட்டு, ‘எடை இறங்கிவிட்டது’ என்று இனிப்புக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இழக்கும் தசையைப் பயிற்சியால் காப்பாற்ற முடியுமா? முடியும். பிரேசிலின் சாவ் பாலோவில் பைபாஸ் செய்துகொண்ட பெண்களை வைத்து நடந்த சோதனையில், எடை தூக்கும் பயிற்சியும் ஏரோபிக் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தசை இழப்பு குறைந்தது, கால்களின் வலு திரும்பியது. பைபாஸுக்குப் பிறகு எலும்பின் அடர்த்தி குறைவது தெரிந்த விஷயம். அதன் வேகத்தையும் பயிற்சி தணித்தது.

அடுத்து, இறங்கிய எடையைப் பிடித்து வைப்பது. உடற்பயிற்சியின் உண்மையான திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. அதே டிவி போட்டியாளர்களில் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழுவினர் மறுபடி அளந்தார்கள். சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனால் சராசரிக்குள் இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். எடையைப் பிடித்து வைத்தவர்களும் விட்டவர்களும் சாப்பாட்டைக் குறைத்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. உடல் உழைப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: போட்டிக்கு முந்தைய நிலையைவிடப் பிடித்து வைத்தவர்கள் 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள், விட்டவர்கள் 34 சதவீதம். அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994-இல் தொடங்கிய பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்கள் பெயர் பதிந்திருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தினமும் ஒரு மணி நேரத்தை ஒட்டி உடற்பயிற்சி செய்பவர்கள்.

இவையெல்லாம் பின்னோக்கிப் பார்த்த தகவல்கள். உற்சாகமாக இருந்ததால் நடந்தார்களா, நடந்ததால் எடை நின்றதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோபன்ஹேகனில் 195 பேரிடம் முறையான சோதனையாகவே இதைச் செய்து 2021-இல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை இல்லை. எட்டு வாரக் குறைந்த கலோரி உணவால் சராசரி 13 கிலோ குறைத்தவர்கள். பிறகு ஓராண்டு, குலுக்கல் முறையில் நான்கு பிரிவு. வெறும் போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் ஆண்டின் முடிவில் உடற்பயிற்சிப் பிரிவு 4 கிலோ குறைவு. பசியைக் குறைக்கும் லிராகுளுடைடு ஊசிப் பிரிவு 7 கிலோவை ஒட்டிக் குறைவு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 9.5 கிலோ குறைவு. எல்லாவற்றையும் நிறுத்தி இன்னோர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி மட்டும் போட்டவர்களைவிட ஊசியோடு பயிற்சியும் செய்தவர்கள் எடையை நன்றாகப் பிடித்து வைத்திருந்தார்கள். எடையைக் குறைக்கும் கட்டத்தில் இரண்டு கிலோவுக்குத் திணறும் பயிற்சி, தக்கவைக்கும் கட்டத்தில் நன்றாகவே கைகொடுக்கிறது.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. நாம் செய்வதாக நினைப்பதும் செய்வதும் ஒன்றல்ல. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் டேல் பாண்ட் குழுவினர் 20 நோயாளிகளிடம் சிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதம் பின்னும், வாரத்தில் எவ்வளவு உடற்பயிற்சி என்று கேட்டார்கள்; கூடவே இயக்கத்தை அளக்கும் கருவியையும் இடுப்பில் மாட்டிவிட்டார்கள். வாய்மொழிப்படி உடற்பயிற்சி ஐந்து மடங்காகக் கூடியிருந்தது. கருவி எந்த ஏற்றத்தையும் காட்டவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது கிலோ குறைந்த உடம்பு லேசாக இருக்கிறது, மாடிப்படி மூச்சு வாங்கவில்லை, ஆக நிறைய நடமாடுவதாகவே தோன்றும். அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்விலும் சராசரி நடை ஓராண்டில் 7,500 அடியிலிருந்து 8,800 அடிக்குத்தான் உயர்ந்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் சிகிச்சைக்கு முன்பைவிடக் குறைவாகவே நடந்தார்.

தொடங்குவதென்றால் எங்கிருந்து? மருத்துவமனையில் சிகிச்சைக்கு மறுநாளே வராந்தாவில் நடக்க வைத்துவிடுவார்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது அவசியம். பாரம் தூக்குவதை மட்டும் நான்கு முதல் ஆறு வாரம், வயிற்றுத் தையல் ஆறும் வரை, ஒத்திப்போட வேண்டும். எடை நின்ற பத்தாம் மாதத்தில் தொடங்குகிறவருக்கு இந்தத் தடை இல்லை, வேறு சில சங்கடங்கள் உண்டு.

முதல் சங்கடம் தண்ணீர். மற்றவர்கள் நடந்து முடித்துவிட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளலாம். சிறிய வயிற்றுக்காரரால் முடியாது. மடக்கு மடக்காகத்தான் இறங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் என்பதும் அவருக்கு விதி. எனவே நடப்பதற்கு முன்பிருந்தே, எழுந்ததிலிருந்து சிறுகச் சிறுகக் குடித்திருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் மாலை ஐந்து மணி வெயிலில் நடக்கப் போகிறவர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, சர்க்கரை. பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு இனிப்போ மாவுச்சத்தோ சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். பயிற்சியும் அதே நேரத்தில் சேர்ந்துகொண்டால் பூங்காவில் மயங்கி விழ நேரலாம். இப்படி ஒருமுறை வந்தவர் தனியாகப் போகக் கூடாது, மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். படி ஏறினாலே களைப்பு, மூச்சிரைப்பு என்றால் சோம்பல் என்று திட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து இரும்புச் சத்தையும் பி12-ஐயும் பார்க்க வேண்டும். இரண்டுமே இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குறையக்கூடியவை.

பயிற்சி என்றதும் எல்லோரும் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடை நல்லதுதான். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 37 கிலோ இழந்தவருடைய முழங்கால் அந்த நடையை வாழ்த்தும். ஆனால் தசையைக் கட்ட நடை போதாது. சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழ வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணி எழுதி வைக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், மரமோ இரும்போ தேவலை. தொடையில் ஊன்றாமல் எழவே முடியாதவர் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, அரை லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பித் தூக்குவது எல்லாம் ஜிம்முக்குப் போகக் கூச்சப்படுபவர்களுக்குப் போதுமான தொடக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது இது வேண்டும். நடைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 முதல் 300 நிமிடம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரம் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் சரி. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரியாக இருக்கிறது. தொய்ந்த தோல் உரசிப் புண்ணாகிறது என்று பெண்கள் வெளியே சொல்லாமல் நடையை நிறுத்திவிடுவதுண்டு. வயிற்றையும் தொடையையும் இறுகப் பிடிக்கும் உள்ளாடை அதற்குப் பெரிய நிவாரணம்.

புரதம் இல்லாமல் தசை வளராது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது இந்தச் சிகிச்சைக்குப் பிந்தைய பொதுவான அளவு. ஓர் இட்லியில் இருப்பது இரண்டு கிராமைச் சுற்றி. முட்டையில் ஆறு. சின்னக் கிண்ணம் அளவே இடமிருக்கும் வயிற்றில் முதலில் இட்லியைப் போட்டால் முட்டைக்கு இடமில்லை. முட்டை, மீன், கோழி, பன்னீர், பருப்பு, சுண்டல் முதலில், சோறோ இட்லியோ பிறகு என்று வரிசையை மாற்றச் சொல்லி டயட்டீஷியன்கள் நச்சரிப்பது இதனால்தான்.

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை ஒரு கிலோ ஏறுவதும் உண்டு. வேலை செய்யும் தசை கிளைக்கோஜனையும் அதோடு தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது; ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடுகிறது. பலர் சோர்ந்து விடுவது இந்த வாரங்களில்தான். அப்போது மெஷினை விட்டுவிட்டு இடுப்புச் சுற்றளவையும் நாற்காலிக் கணக்கையும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

எடை நிற்காமல், மாதா மாதம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது வேறு நிலைமை. அதற்கு நடையை மட்டும் மருந்தாகச் சொல்வது தவறு. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். தைராய்டைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒதுக்கிய பை விரிந்திருக்கிறதா என்று அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டியிருக்கும். மருந்தும் இப்போது உண்டு. லண்டனில் நடந்து 2023-இல் வெளியான சோதனையில், சிகிச்சைக்குப் பிறகு போதிய அளவு எடை குறையாத 70 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு லிராகுளுடைடு ஊசியும் மீதிப் பேருக்குப் போலி ஊசியும் 24 வாரம் தந்தார்கள். ஊசி போட்டவர்களின் எடை 8.8 சதவீதம் குறைந்தது. உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி ஆலோசனை கொடுக்கப்பட்டது. அந்த ஆலோசனையும் போலி ஊசியும் மட்டும் பெற்றவர்களிடம் குறைந்தது அரை சதவீதம்.